விகர்ணனை எப்படி அடையாளம் காண்பது?

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில், திரௌபதி அம்மன் திருவிழாவில், ராத்திரி முழுக்க உட்கார்ந்து துகிலுரிதல் கூத்து பார்த்தேன். இரண்டு மணி இருக்கும். துச்சாதனன் வேஷக்காரர் பாஞ்சாலியை இழுத்து வரும்போது முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "வேணான்டா, அழிஞ்சி போவீங்கடா" என்று சத்தமாகவே சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அதே எண்ணம்தான். சபையில் யார் சொல்வது சரி, யார் கெட்டுப்போகப் போகிறான் என்பதில் அங்கே கூடியிருந்த ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அதே ஐந்நூறு பேர் மறுநாள் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்தால் நிலைமை வேறு. ஒருத்தர் எழுந்து "இது சரிப்படாது" என்பார். "இவனுக்கு எப்பவும் இதே வேலை" என்று பக்கத்தில் முணுமுணுப்பார்கள். கூத்தில் ஒரு நொடியில் தெரிந்த விஷயம் கூட்டத்தில் ஏன் தெரிவதில்லை? ரொம்ப நாளாக இதைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு வருகிறேன். காரணம் இலக்கிய ஆர்வம் மட்டும் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் காரணம் எளிது. கதை நமக்கு முன்னாலேயே தெரியும். படுகளத்தில் துரியோதனன் மண்ணாகக் கிடக்கப்போவதைத் தெரிந்துகொண்டுதான் பகடை ஆட்டத்தைப் பார்க்கிறோம். அதனால் விதுரன் வாய் திறந்தாலே நமக்கு ஞானமாகக் கேட்கிறது. சபையில் இருந்தவர்களுக்கு அப்படிக் கேட்டிருக்காது. அவர் துரியோதனன் பிறந்த அன்றே "இந்தக் குழந்தையை விட்டுவிடுங்கள்" என்று சொன்னவர். இப்படிப்பட்ட சித்தப்பா நம் வீட்டில் இருந்தால் அவரைப் பற்றி என்ன பேசுவோம்? பெற்ற பிள்ளையைத் தூக்கிப் போடச் சொன்ன ஆள், இன்று சூதாட்டம் வேண்டாம் என்றால் மட்டும் கேட்டுவிடுவோமா? நாடகத்துக்குள் இருப்பவர்கள் பக்கம் நின்று பார்த்தால், விதுரன் எப்போதும் அபசகுனமாகவே பேசுகிற ஒரு உறவினர். அவ்வளவுதான்.

விகர்ணன் விஷயம் இன்னும் சுவாரசியம். துரியோதனனுடைய தம்பிகளில் ஒருவன். வியாசர் பாரதத்தில், பாஞ்சாலி கேட்ட கேள்விக்குப் பெரியவர்கள் யாரும் நேரான பதில் சொல்லாதபோது எழுந்து பேசுகிறவன் இவன் ஒருத்தன்தான். தர்மம் நுட்பமானது என்று சொல்லிப் பீஷ்மர் ஒதுங்கிவிடுகிறார். விகர்ணன் வாதமாகவே அடுக்குகிறான்: சூதாட்ட வெறியில் இருப்பவன் செய்வது செய்ததாகாது, தருமன் தன்னைத் தோற்ற பிறகுதான் அவளைப் பணயம் வைத்தான், அவள் ஐவருக்கும் பொதுவானவள், பணயம் வைக்கத் தூண்டியதே சகுனி. நல்ல வக்கீல் மாதிரி, ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்படி பேசுகிறான். பாரதியாரும் பாஞ்சாலி சபதத்தில் இவன் பேச்சுக்குத் தனித் தலைப்பே கொடுத்திருக்கிறார். ஆனாலும் நாம் விகர்ணன் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பதில்லை. கர்ணன் பெயரை வைக்கிறோம்.

அந்தக் கர்ணன் சொன்ன பதிலைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சபையில் இருந்தவர்கள் விகர்ணனைப் பாராட்டவே செய்கிறார்கள். அந்த ஆரவாரம் அடங்கியதும் கர்ணன் எழுந்து இரண்டு விஷயம் சொல்கிறான். ஒன்று, நீ சின்னப் பையன், பெரியவன் மாதிரி பேசுகிறாய். இரண்டு, இங்கே இத்தனை பெரியவர்கள் சும்மா இருக்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்? அவள் முறையாக ஜெயிக்கப்பட்டவள் என்று அவர்கள் ஒத்துக்கொண்டதாகத்தானே? தருமன் முதலில் தோற்றது தன்னையா அவளையா என்ற கேள்விக்கு அவன் நேராக வருவதற்குள் சபையின் காற்று மாறிவிடுகிறது. பீஷ்மர் தயங்கி மௌனமாக இருந்தார். அந்தத் தயக்கத்தைக் கர்ணன் சம்மதமாகக் கணக்கெழுதிவிட்டான். இதைப் படித்தபோது, அடடா, இது நான் கேட்ட கூட்டமாச்சே என்று தோன்றியது.

சரி, நம் ஊர்க் கதை மட்டும்தான் இப்படியா என்று பார்த்தால், கிரேக்க நாடகத்தில் அதே காட்சி இருக்கிறது. சோபாக்ளீஸின் 'ஆன்டிகனி', ஏறக்குறைய 2,450 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் நடந்த நாடகம். தடையை மீறி அண்ணன் பிணத்தை அடக்கம் செய்த ஆன்டிகனியைக் கொல்ல உத்தரவிடுகிறான் கிரியோன் ராஜா. அவனுடைய மகன் ஹைமோன் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். அப்பாவிடம் வந்து ரொம்ப மரியாதையாகப் பேசுகிறான். ஊர் ஜனங்கள் உங்கள் முன்னால் பேசப் பயப்படுகிறார்கள், இருட்டில் அவர்கள் பேசிக்கொள்வது என் காதில் விழுகிறது, அவளுக்காக ஊரே அழுகிறது, கொஞ்சம் வளைந்து கொடுங்கள் என்கிறான். வெள்ளத்தில் வளைகிற மரம் பிழைக்கும் என்று உவமை வேறு.

கிரியோன் என்ன சொல்கிறான்? இந்த வயசில் நான் இந்தச் சின்னப் பையனிடம் பாடம் கேட்க வேண்டுமா என்கிறான். அப்புறம், நீ அந்தப் பெண்ணுக்கு அடிமை, அதனால் பேசுகிறாய் என்கிறான். வயசு, உள்நோக்கம். ஊர் உண்மையிலேயே முணுமுணுக்கிறதா என்ற ஒரே கேள்விதான் அங்கே முக்கியம். அதை விசாரிக்க ஒரு ஆளை அனுப்பியிருந்தால் போதும். அனுப்பவில்லை.

இந்தக் காட்சியில் எனக்கு மிகவும் பிடித்தது, பிடித்தது என்பதைவிட உறுத்தியது, கோரஸ். தீப்ஸ் நகரத்துப் பெரியவர்கள். அப்பாவும் பிள்ளையும் பேசி முடித்ததும் அவர்கள் சொல்வது: இரண்டு பேருமே நன்றாகப் பேசினீர்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளலாம். நம் வீட்டுக் கல்யாணப் பஞ்சாயத்துகளில் "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்குப்பா" என்று காப்பி டம்ளரைக் கீழே வைக்கிற பெரியவரின் குரல் அது. நடுநிலை மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பக்கம் கையில் தண்டனை ஆணை இருக்கிறது, இன்னொரு பக்கம் கையில் ஒன்றும் இல்லை. அப்போது நடுநிலை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே பேராசிரியர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனையையும் சேர்த்துப் பார்க்கலாம். சில கோடுகளைக் காட்டி எது எதற்குச் சமம் என்று கேட்பார்கள். சோதனைக்கு வந்தவர் ஒருத்தர். மற்ற எல்லாரும் ஏற்பாடு செய்யப்பட்டவர்கள், வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள். கண்ணெதிரே தெரிகிற விஷயத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகப் போயின. ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான பதில் சொல்ல வைத்தபோது இந்தத் தப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. கௌரவ சபையில் விகர்ணன் பேசி முடித்ததும் பீஷ்மர் "பையன் கேட்பது சரியான கேள்வி" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். தீர்ப்புகூடச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வரி போதும்.

நாடகத்திலிருந்து கொஞ்சம் வெளியே வருவோம். 1986 ஜனவரி 27 மாலை, அமெரிக்காவில் ஒரு தொலைபேசிக் கூட்டம் நடந்தது. மறுநாள் சாலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். புளோரிடாவில் அன்றிரவு வழக்கத்துக்கு மாறான குளிர். பூஸ்டர் ராக்கெட் செய்துகொடுத்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் எஞ்சினியர்கள் ரோஜர் பாய்ஸ்ஜோலியும் ஆர்னி தாம்சனும் மற்றவர்களும், ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போகும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே கிளப்பக் கூடாது என்றார்கள். அது நம் கணக்கில் சுமார் 12 டிகிரி. பாய்ஸ்ஜோலி இதை அன்றைக்குத் திடீரென்று சொல்லவில்லை. 1985 ஜூலையிலேயே, இதைக் கவனிக்காவிட்டால் உயிர்ச்சேதம் வரும் என்று மேலதிகாரிகளுக்கு எழுதியவர்.

நிறுவனமும் முதலில் கிளப்ப வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. நாசா அதிகாரிகள் அதிருப்தி காட்டினார்கள். தயோகால் தரப்பு ஐந்து நிமிடம் தனியாகப் பேச அவகாசம் கேட்டது. அது அரை மணி நேரம் நீண்டது. அங்கேதான் எஞ்சினியரிங் பொறுப்பிலிருந்த துணைத்தலைவரிடம், உன் எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள் என்று சொல்லப்பட்டது. பரிந்துரை மாறியது. மறுநாள் காலை கிளம்பும்போது வெப்பம் 36 டிகிரி ஃபாரன்ஹீட். 73-ஆவது விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கூட்டத்தில் யாரும் பாய்ஸ்ஜோலியைத் திட்டவில்லை. எல்லாரும் படித்தவர்கள், நாகரிகமாகத்தான் பேசினார்கள். நடந்தது வேறு. வழக்கமாகக் கிளப்புவது பாதுகாப்பானது என்று நிரூபிக்கச் சொல்வார்கள். அன்றைக்கு, கிளப்புவது ஆபத்து என்று நிரூபி என்று எஞ்சினியர்களிடம் கேட்டார்கள். கேள்வி தலைகீழானது. பாய்ஸ்ஜோலியிடம் இருந்த தரவு முழுமையானது இல்லை, அது உண்மைதான். அவ்வளவு குளிரில் யாரும் கிளப்பியதே இல்லை என்பதால்தான் தரவே இல்லை.

ஆக, நான் வந்து சேர்ந்த இடம் இது. பேசுகிறவரைப் பார்த்து அவர் விகர்ணனா, வெறும் வம்பரா என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லா விகர்ணனும் கொஞ்சம் வம்பராகவே தெரிவான். நேரம் கெட்ட நேரத்தில் பேசுவான், குரல் நடுங்கும், ஒரு விஷயத்தோடு நாலைச் சேர்த்துச் சொல்வான். அவனுக்குக் கிடைக்கிற பதிலைப் பார்க்க வேண்டும். பதில் விஷயத்துக்கு வருகிறதா, அல்லது ஆளுக்கு வருகிறதா? வயசு, படிப்பு, உள்நோக்கம், "எல்லாரும் சும்மா இருக்காங்களே உனக்கு மட்டும் என்ன" இவைதான் பதிலாக வருகின்றன என்றால், அவன் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று அர்த்தம். அவன் சொன்னது சரி என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது. பதில் வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது முதலில் தள்ளிப்போட்ட காரணத்துக்கு வருகிறேன்.

2009-இல் எங்கள் வீட்டில் நிலம் வாங்கினோம். மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடு. அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் பணம் வந்திருந்தது. முடிச்சூர் பக்கம் ஒரு மனை. மே மாச வெயிலில் போய்ப் பார்த்தோம். தரை கட்டாந்தரையாக வெடித்துக் கிடந்தது. ரோடு அகலம், பள்ளிக்கூடம் பக்கம், விலை நம் கைக்கு எட்டுகிற மாதிரி. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வண்டியிலிருந்து இறங்கி மனையின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடும்போது சொன்னார்: "அங்க ஓரத்துல கோரை காஞ்சி கிடக்குடா. தண்ணி நிக்கற எடத்துலதான் கோரை வரும். ஐப்பசி வரைக்கும் பொறுங்க. நல்லா ஒரு மழை பெய்யட்டும், போய்ப் பாத்துட்டு வந்து வாங்கலாம்."

அப்பா, "அக்கா, நீ சும்மா இரு. ஆடி பொறக்கறதுக்குள்ள பத்திரம் முடிக்கணும். இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கானாம்" என்றார். நான் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "அத்தை, உங்களுக்கு மாம்பலத்த விட்டு வர மனசில்ல. கோயில், கூட்டாளி எல்லாம் இங்க. அதுக்குத்தான் கோரை, கீரைன்னு சொல்றீங்க." எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். தம்பி மட்டும், "அத்தை சொல்றதும் யோசிக்க வேண்டியதுதான், அப்பா சொல்றதும் சரிதான்" என்றான். கோரஸ்.

நான் சொன்னது பொய்யில்லை என்பதுதான் இதில் சிக்கல். அத்தைக்கு மாம்பலத்தை விட்டு வர உண்மையிலேயே மனசில்லை. பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். உள்நோக்கம் இருந்தது, கோரையும் இருந்தது. ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதால் மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஹைமோனும் ஆன்டிகனியைக் காதலித்தவன்தான். அதனால் ஊர் முணுமுணுக்கவில்லை என்று ஆகிவிடுமா?

அதோடு, அத்தை கேட்டது எவ்வளவு மலிவான சோதனை என்று இப்போது பார்க்கிறேன். வாங்காதே என்று அவர் சொல்லவில்லை. நாலைந்து மாசம் பொறுத்து, மழையில் ஒரு தடவை போய்ப் பார் என்றார். பஸ் டிக்கெட் செலவு. அதை மறுக்க எங்களிடம் இருந்த காரணம், நாங்கள் கண்ணால் பார்த்திராத இன்னொரு பார்ட்டி.

வீடு கட்டினோம். கொத்தனார் பேஸ்மெண்டை இன்னும் இரண்டு அடி உயர்த்தலாம் என்று சொன்னார். கூலி ஏற்றப் பார்க்கிறார் என்று அதையும் விட்டோம். கட்டட வேலை முழுக்க முன்னால் நின்று சிமெண்ட் மூட்டை எண்ணியது யார் தெரியுமா? அத்தைதான். வேண்டாம் என்றவரையே காவலுக்கு வைத்தோம். சூது வேண்டாம் என்று சொன்ன விதுரனையே பாண்டவர்களை அழைத்துவர அனுப்பினானே திருதராஷ்டிரன், அதே மாதிரி.

2015 டிசம்பர் தொடக்கத்தில் என்ன நடந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரியில் தண்ணீர் வாசல்படி ஏறியது, விடியும்போது ஜன்னல் மட்டம். எழுபத்து மூன்று வயசு அத்தையை நானும் தம்பியும் நாற்காலியோடு தூக்கிப் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் மீனவர்கள் படகு கொண்டு வந்து இறக்கினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் கல்யாணப் புடவை, அப்பா முப்பது வருஷம் எழுதிய டைரிகள், வீட்டுப் பத்திரம், எல்லாம் சேறு. அப்பா அதற்குப் பிறகு டைரி எழுதவே இல்லை. அத்தை "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

2016-இல் ஒரு நோட்டு போட்டேன். வீட்டிலோ ஆபீஸிலோ குடியிருப்போர் சங்கத்திலோ யாராவது ஒரு முடிவை எதிர்த்துப் பேசினால், இடது பக்கம் அவர் கேட்டது, வலது பக்கம் அவருக்குக் கிடைத்த பதில். மூணாவது பத்தி கொஞ்ச நாள் கழித்து நிரப்ப: என்ன ஆச்சு. இதுவரை 31 பதிவு. மூணாவது பத்தி நிரம்பியது 22. அதில் எதிர்த்துப் பேசியவர் சொன்னது நடந்தது 10. நடக்காதது 12. ஆக, புறக்கணிக்கப்பட்ட குரல் எல்லாமே அறிவின் குரல் என்று சொல்ல என் நோட்டு இடம் கொடுக்கவில்லை. எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிற ஆட்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். சங்கத்தில் ஒருத்தர் லிஃப்ட், சோலார், சிசிடிவி மூணையும் எதிர்த்தார், மூணும் நன்றாக ஓடுகின்றன.

ஆனால் இந்தப் பன்னிரண்டையும் பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. சரியாகப் போன பத்தில் எட்டுப் பேர், அத்தை மாதிரி, போய்ப் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்றைக் கைகாட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கை எடுத்துப் பாருங்க, அந்த டாக்டரிடம் இன்னொரு தடவை கேளுங்க, ஒரு மாசம் பொறுங்க. என்ன நடந்தால் தன் மனசு மாறும் என்பது அவர்கள் பேச்சிலேயே இருந்தது. மழையில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் அத்தை வாயை மூடிக்கொண்டிருப்பார். சோலார் வேண்டாம் என்றவரிடம் எதைக் காட்டினால் ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். "எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

வலது பக்கப் பத்தி வேறு விதம். அங்கே சரியானவருக்கும் தப்பானவருக்கும் கிடைத்த பதிலில் பெரிய வித்தியாசம் இல்லை. உனக்கு என்ன தெரியும், உனக்கு எதுக்கு வலிக்குது, எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. 31-இல் 19 இந்த ரகம். சோலார் எதிர்ப்பாளருக்கும் யாரும் மின்கட்டணக் கணக்கைக் காட்டிப் பதில் சொல்லவில்லை. "இவர் வேற" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். நன்றாக ஓடியது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்தப் பத்தொன்பதில் ஏழு பதில் என் வாயிலிருந்து வந்தவை. நோட்டு போட ஆரம்பித்த பிறகு வந்தவை. அத்தைக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. போன மாசம் வீட்டை இடித்து மேலே இரண்டு மாடி கட்டுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கட்டிலில் இருந்தபடியே, "பேங்க்ல எவ்ளோடா கடன்? தம்பிக்கு வேல போச்சுன்னா யாரு கட்டறது?" என்று கேட்டார். எனக்கு வாய் வரை வந்தது. எழுந்து போய்ப் பேப்பரை எடுத்து வந்தேன். மாசத் தவணையை உரக்கப் படித்தேன். ஒரு ஆள் சம்பளத்தில் கட்ட முடியுமா என்று அத்தையே விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார். மூணாவது பத்தி இன்னும் காலி.